அக்ரிலிக் வளைக்கும் கம்பியை நேராக லைனில் கொடுக்காதீர்கள்

அக்ரிலிக் ஷீட்டை வளைக்க ஒரு நைக்ரோம் கம்பியும் (கரண்ட் போனால் சூடாகும் உலோகக் கம்பி) அதைச் சூடாக்க ஒரு வழியும் இருந்தால் போதும், சூடான கம்பிக்கு நேரே ஷீட்டை வைத்தால் அந்தக் கோட்டில் இளகி வளையும். அதனால்தான் போர்டு கடைக்காரர்கள், பள்ளிக் கண்காட்சிக்கு மாடல் செய்து கொடுப்பவர்கள், மெனு ஸ்டாண்டு, கொலுவுக்குச் சின்னப் படி என்று செய்து விற்பவர்கள் எல்லாரும் பெண்டிங் மெஷினைக் காசு கொடுத்து வாங்காமல் தாங்களே செய்துகொள்கிறார்கள். நானும் என் வேலைக்கு நானே செய்த ஒன்றைத்தான் வைத்திருக்கிறேன், வீட்டில் செய்யாதீர்கள் என்று சொல்ல வரவில்லை. ஆனால் நான் போய்ப் பார்க்கிற இடங்களில் பாதிக்கு மேல் அந்தக் கம்பிக்கு வீட்டு லைனின் 230 வோல்ட் நேராகப் போய்க்கொண்டிருக்கிறது, பக்கத்தில் வெறுங்காலோடு ஒரு பையன் நின்று வேலை செய்துகொண்டிருக்கிறான். அதைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

சூட்டைப் பற்றி எல்லாருக்கும் பயம் இருக்கிறது, கை சுட்டுவிடும் என்று தெரியும், ஜாக்கிரதையாகத்தான் இருக்கிறார்கள். கரண்டைப் பற்றித்தான் தவறான தைரியம். "நடுவில் ரெகுலேட்டர் போட்டிருக்கிறேன் அண்ணா, கம்பிக்கு வருவது கம்மிதான்" என்பார்கள். இல்லையென்றால் கம்பியோடு ஒரு இஸ்திரிப்பெட்டியையோ வாட்டர் ஹீட்டர் ராடையோ சீரிஸில், அதாவது ஒன்றின் வழியாக வந்த கரண்ட் அடுத்ததற்குப் போகும்படி, போட்டிருப்பார்கள். கம்பி அளவாகச் சூடாகிறது, எரிந்து அறுந்து போகவில்லை, அதனால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 24 கேஜ் (கம்பியின் தடிமன் எண்) நைக்ரோம் கம்பியின் ரெசிஸ்டன்ஸ், அதாவது கரண்டைத் தடுக்கும் அளவு, ஒரு மீட்டருக்குச் சுமார் நாலரை ஓம். மெஷினில் பூட்டுவது 60 செ.மீ. என்றால் சுமார் 2.7 ஓம். இதை நேராக 230 வோல்ட்டில் கொடுத்தால் 85 ஆம்பியர் இழுக்கும், எம்சிபி (அளவுக்கு மேல் கரண்ட் ஓடினால் தானே ஆஃப் ஆகும் ஸ்விட்ச்) உடனே விழுந்துவிடும். அதனால்தான் 1000 வாட் இஸ்திரிப்பெட்டியை நடுவில் சேர்க்கிறார்கள். பெட்டியின் ரெசிஸ்டன்ஸ் சுமார் 53 ஓம், இரண்டும் சேர்ந்தால் நாலு ஆம்பியர்தான் ஓடும், கம்பி நாற்பத்தைந்து வாட் அளவுக்குச் சூடாகும். கம்பிக்கு இது பாதுகாப்புதான், மறுக்கவில்லை.

ஆனால் அந்தக் கம்பியைத் தொடுகிற ஆளுக்கு? உடம்பின் ரெசிஸ்டன்ஸைத் தோராயமாக 1500 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள், வியர்வை ஈரம் இருந்தால் இன்னும் குறையும். அதன் முன்னால் 53 ஓம் ஒரு பொருட்டே இல்லை. ஃபேஸ் (கரண்ட் வரும் ஒயர்) பக்கம் இருக்கிற கம்பியைத் தொட்டுக்கொண்டு சிமெண்ட் தரையில் வெறுங்காலோடு நின்றால் உடம்பு வழியாக 150 மில்லி ஆம்பியர் வரை போகலாம். இதயத் துடிப்பைக் குலைக்க அதில் ஒரு சிறு பங்கே போதும், ஆர்சிசிபியை (கரண்ட் பூமிக்குக் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) 30 மில்லி ஆம்பியரில் விழும்படி செய்திருப்பதே அதனால்தான். எம்சிபிக்கு இந்த 150 மில்லி ஆம்பியர் கண்ணிலேயே படாது. அது ஒயர் எரியாமல் பார்த்துக்கொள்ள வைத்தது, ஆளைக் காப்பாற்ற வைத்தது இல்லை.

இதில் இன்னொரு கொடுமை இருக்கிறது. இப்படிச் சீரிஸில் போட்ட கம்பி நியூட்ரல் (கரண்ட் திரும்பிப் போகும் ஒயர்) பக்கம் இருந்தால் அதற்கும் பூமிக்கும் நடுவில் பத்துப் பதினொரு வோல்ட்தான் இருக்கும். டெஸ்டர் எரியாது, தொட்டாலும் ஒன்றும் ஆகாது. பல மாதம் இப்படியே ஓடும், "நான் எத்தனையோ தடவை தொட்டிருக்கிறேன், ஷாக் அடித்ததே இல்லை" என்று நம்பிக்கையோடு சொல்வார்கள். ஒருநாள் யாரோ அந்த இரண்டு பின் பிளக்கைக் கழற்றித் திருப்பிச் செருகுகிறார்கள். இப்போது ஃபேஸ் நேராகக் கம்பிக்கு வருகிறது. மெஷினில் எதுவும் மாறவில்லை, கம்பி அதே அளவுதான் சூடாகிறது, பார்த்தால் எந்த வித்தியாசமும் தெரியாது. மெஷினில் வைத்திருக்கிற ஸ்விட்ச் ஒற்றை ஒயரை மட்டும் துண்டிப்பது என்றால் நிலைமை இன்னும் மோசம். பிளக் திரும்பியிருக்கும்போது ஸ்விட்ச் நியூட்ரலைத் துண்டிக்கும், ஃபேஸ் கம்பியிலேயே நிற்கும். ஆஃப் செய்துவிட்டோம், கம்பியும் ஆறிவிட்டது என்று நம்பி, ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக்கைச் சுரண்ட ஸ்டீல் ஸ்கேலை எடுப்போமே, அந்த நேரம்தான் ஆபத்து.

ரெகுலேட்டர் என்று நடுவில் போடுகிற டிம்மர் போர்டும் இதே கதைதான். அது கரண்டை வெட்டி வெட்டி அனுப்புகிறதே தவிர, கம்பியை லைனிலிருந்து பிரிப்பதில்லை. குமிழைக் கடைசி வரை குறைத்தாலும் கம்பி லைனோடுதான் இணைந்திருக்கிறது. போதாததற்கு, அதில் கரண்டை வெட்டுகிற டிரையாக் என்ற பாகம் கெட்டுப்போனால் பெரும்பாலும் ஷார்ட் ஆகித்தான் கெடும், அதாவது முழுக் கரண்டும் கட்டுப்பாடில்லாமல் போக ஆரம்பிக்கும்.

டிம்மர்ஸ்டாட் வைத்திருப்பவர்கள் இந்தப் பத்தியைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். கல்லூரி லேபில் இருக்குமே, மேலே பெரிய குமிழோடு உருண்டையாக, அதுதான். பழைய சாமான் கடையில் கிடைக்கிறது, நல்ல கனமாக இருக்கிறது, உள்ளே செம்பு சுற்றியிருக்கிறது, அதனால் டிரான்ஸ்ஃபார்மர்தானே, பாதுகாப்பு என்று நினைக்கிறார்கள். அதில் இருப்பது ஒரே சுற்று. உள்ளே வருகிற லைனும் வெளியே போகிற லைனும் அதே செம்புக் கம்பியில்தான் உட்கார்ந்திருக்கின்றன. நீங்கள் 12 வோல்ட்டில் வைத்து, வெளியே வரும் இரண்டு முனைக்கு நடுவில் மீட்டரை வைத்தால் 12 காட்டும். பிளக் திரும்பியிருந்தால் அந்த இரண்டு முனையுமே பூமியைப் பொறுத்து 220, 230 வோல்ட்டில் நிற்கும். மீட்டரைப் பார்த்து நம்பித் தொடுகிற ஆளுக்கு இதைவிட ஆபத்தான பொறி வேறு இல்லை.

இன்னொரு பழக்கம், கரண்ட் அடுப்பின் காயிலை இழுத்து நீட்டிப் பூட்டுவது. 1000 வாட் காயிலை முழு நீளத்துக்கும் விட்டால் 1000 வாட். மெஷினுக்கு அவ்வளவு நீளம் வேண்டாம் என்று பாதியாக வெட்டினால் சூடும் பாதியாகும் என்று நினைக்கிறார்கள். நடப்பது நேர் எதிர். ரெசிஸ்டன்ஸ் பாதியாகிறது, கரண்ட் இரட்டிப்பாகிறது, மொத்தம் 2000 வாட், அதுவும் பாதி நீளத்தில், ஆக ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் முன்பு இருந்ததைப்போல நாலு மடங்கு. கம்பி பளீரென்று சிவந்து, தொய்ந்து, கீழே மரச்சட்டம் இருந்தால் அதைத் தொட்டுப் பற்றவைக்கும்.

சரி, வேறு எப்படித்தான் செய்வது? போர்டு கடைக்காரர்களுக்கு இது ரொம்பச் சுலபம், ஏனென்றால் தேவையான பொருள் அவர்கள் அலமாரியிலேயே இருக்கிறது. எல்இடி எழுத்துக்கு வாங்குகிற 12 வோல்ட் அல்லது 24 வோல்ட் எஸ்எம்பிஎஸ் (லைன் கரண்டைக் குறைந்த வோல்ட் டிசியாக மாற்றும் பவர் சப்ளை) தான் அது. அதற்குள் லைன் பக்கமும் வெளிப்பக்கமும் தனித்தனி, நடுவில் நேரடித் தொடர்பு இல்லை. 24 கேஜ் கம்பி 30 செ.மீ. போட்டால் 12 வோல்ட்டில் ஒன்பது ஆம்பியர், 108 வாட். 60 செ.மீ. போட்டால் 24 வோல்ட்டில் அதே ஒன்பது ஆம்பியர், 216 வாட். இரண்டிலும் சென்டிமீட்டருக்குச் சுமார் 3.6 வாட், 3 மி.மீ. ஷீட்டுக்கு இது தாராளம். ஒன்பது ஆம்பியர் வேண்டுமென்றால் பத்து ஆம்பியர் சப்ளையை வாங்கி அதன் கழுத்தைப் பிடிக்காதீர்கள், 15 ஆம்பியர் வாங்குங்கள். சூட்டைக் கூட்டிக் குறைக்க டிசி மோட்டாருக்கு விற்கிற பிடபிள்யூஎம் கண்ட்ரோலரை (கரண்டை வேகமாக விட்டு விட்டு அனுப்பி அளவைக் குறைப்பது) சப்ளைக்கும் கம்பிக்கும் நடுவில் போடலாம், சென்னையில் ரிச்சி தெருவில் சாதாரணமாகக் கிடைக்கும், மற்ற ஊர்க்காரர்கள் ஆன்லைனில் வாங்கலாம்.

எஸ்எம்பிஎஸ்ஸின் லைன் ஸ்குரூக்கள் திறந்தபடி இருக்கும், அதன்மேல் மூடி போடாமல் மேசையில் வைக்கக் கூடாது. எர்த் முனைக்குக் கட்டாயம் எர்த் கொடுங்கள், மூன்று பின் பிளக்தான் போட வேண்டும். எர்த் இல்லாவிட்டால் அதன் உடம்பைத் தொடும்போது சுர்ரென்று ஒரு உணர்வு வரும், பலர் அதையும் பழக்கமாக்கிக்கொண்டு வேலை செய்கிறார்கள். வீட்டு மெயினில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இல்லை என்றால் இந்தச் சாக்கில் அதையும் போட்டுவிடுங்கள்.

பழைய யுபிஎஸ்ஸிலிருந்து கழற்றிய டிரான்ஸ்ஃபார்மரையும் சிலர் பயன்படுத்துகிறார்கள். தனித்தனி சுற்று உள்ளதுதான், ஷாக் விஷயத்தில் சரி. ஆனால் அது சில நிமிடம் ஓடுவதற்கென்று செய்தது, நாள் முழுக்க ஓட்டினால் உள்ளேயே வெந்துபோகும். தெர்மல் ஃபியூஸ் (சூடு ஏறினால் துண்டிக்கும் ஃபியூஸ்) போட்டு, இடைவெளி விட்டு ஓட்ட முடியும் என்றால் மட்டும் எடுங்கள். மைக்ரோவேவ் அடுப்பின் டிரான்ஸ்ஃபார்மரை மட்டும் எந்தக் காரணத்துக்கும் தொடாதீர்கள், அதன் வெளிப்பக்கம் இரண்டாயிரம் வோல்ட் அளவுக்கு வரும், ஒரே தடவையில் ஆளைக் கொன்றுவிடும்.

வோல்ட் குறைந்தால் ஷாக் பயம் போகும், தீப் பயம் போகாது. ஒன்பது ஆம்பியர் ஓடுகிற இடத்தில் ஒரு இணைப்பு தளர்ந்திருந்தாலே அங்கே சூடு ஏறும். கம்பி முனையில் ஈயப்பற்று வைக்காதீர்கள், அது 183 டிகிரி சுற்றிலேயே உருகிவிடும். பித்தளை ஸ்குரூவில் இறுக்குங்கள், அதிலிருந்து வருகிற ஒயர் ஒன்றரை ஸ்கொயர் எம்எம் இருக்கட்டும். நைக்ரோம் சூடானால் நீளும், 60 செ.மீ. கம்பி ஐந்நூறு டிகிரி ஏறினால் சுமார் 4 மி.மீ. கூடும். அந்தத் தொய்வை இழுத்துப் பிடிக்க ஒரு முனையில் ஸ்பிரிங் வேண்டும். ஸ்பிரிங் வழியாகக் கரண்ட் போகக் கூடாது, போனால் அதுவும் சூடாகித் தன் இழுவையை இழந்துவிடும்.

கம்பிக்குக் கீழே என்ன வைப்பது என்பது தனிப் பிரச்சினை. நம் ஊரில் சூடு தாங்கும் பலகை என்றதும் கை போவது மாடியில் மிச்சம் கிடக்கிற ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுக்குத்தான். அதை ஹாக்ஸா பிளேடு போட்டு அறுத்து, டிரில்லில் ஓட்டை போட்டு, நடுவில் கம்பிக்குக் காடி எடுக்கிறார்கள், அறை முழுக்க வெள்ளைத் தூள். ஆஸ்பெஸ்டாஸ், அதாவது கல்நார், புற்றுநோயை உண்டாக்கும் என்பது உறுதியாக நிறுவப்பட்ட விஷயம். தூள் உள்ளே போனதற்கும் நோய் வருவதற்கும் நடுவில் இருபது, முப்பது, நாற்பது வருடம் கூட ஆகும், அதனால்தான் யாருக்கும் உறைப்பதில்லை. ஷாக் அடித்தால் கையை இழுத்துக்கொள்வோம், இந்தத் தூளுக்கு அந்த எச்சரிக்கையும் கிடையாது. ஆஸ்பெஸ்டாஸ் இல்லாதது என்று எழுதியிருக்கும் ஃபைபர் சிமெண்ட் போர்டு அல்லது கால்சியம் சிலிகேட் போர்டு வாங்குங்கள், அதையும் வெளியில் வைத்து, தண்ணீர் தெளித்து அறுங்கள். அலுமினியச் சேனலுக்குள் பீங்கான் மணிகளைப் போட்டுக் கம்பியைத் தாங்க வைக்கலாம், நான் வைத்திருப்பது அந்த மாதிரிதான். சேனலுக்கும் எர்த் உண்டு.

இனி புகை. அக்ரிலிக் 105 டிகிரி தாண்டினால் இளக ஆரம்பிக்கும், வளைக்க 150, 160 போதும், அந்தச் சூட்டில் அது ஈர அப்பளம் மாதிரித் தொய்ந்து கைக்கு அடங்கும். அதற்கு மேலே ஏற்றினால் குமிழி வரும், குமிழி வந்தால் பொருளும் கெட்டது, காற்றும் கெட்டது. அதிகச் சூட்டில் அக்ரிலிக் தான் உருவான மூலப்பொருளாகவே பிரிந்து ஆவியாகிறது, அதன் பெயர் மீத்தைல் மெத்தாக்ரிலேட், அந்தக் காட்டமான இனிப்பு வாசனை அதுதான். கண் எரியும், மூச்சுக்குழாயை உறுத்தும், தொடர்ந்து பட்டுக்கொண்டே இருந்தால் சிலருக்குத் தோல் அலர்ஜி வரும். துணி முகக்கவசமும் என்95ம் தூளைத்தான் பிடிக்கும், ஆவியைப் பிடிக்காது. ஜன்னலைத் திறந்து, காற்றை வெளியே தள்ளும் எக்ஸாஸ்ட் ஃபேன் ஒன்றை மெஷினுக்குப் பின்னால் வையுங்கள். மேசை ஃபேனை நேராகக் கம்பிமேல் திருப்பினால் ஒரு பக்கம் ஆறி, ஒரு பக்கம் வெந்து, வளைவு கோணும்.

சூடு பார்க்க வைத்திருக்கும் லேசர் தெர்மாமீட்டரைக் கம்பிமேல் காட்டாதீர்கள். அது பார்க்கும் வட்டம் கம்பியைவிடப் பல மடங்கு பெரியது, அதனால் சுற்றியிருக்கும் பலகையின் சூட்டையும் சேர்த்துச் சராசரியாக்கிக் குறைவாகக் காட்டும். ஷீட்டின்மேல் காட்டினால் உருப்படியான எண் கிடைக்கும்.

பைப்பாகவும் ஷீட்டாகவும் வருகிற பிவிசியையும் சூடாக்கி வளைக்கிறார்கள், அதன் விஷயத்தில் நான் இன்னும் கண்டிப்பாக இருப்பேன். பிவிசி 80 டிகிரியிலேயே இளகும், அதனால் அக்ரிலிக்குக்கு வைத்த சூட்டில் வைத்தால் கருகிவிடும். கருகினால் வருவது ஹைட்ரஜன் குளோரைடு, தண்ணீரில் கரைந்தால் அதுதான் ஹைட்ரோகுளோரிக் அமிலம், நம் நுரையீரலின் ஈரத்திலும் அதே வேலையைத்தான் செய்கிறது. பைப்பை அடிக்கடி வாட்டுகிற அறைகளில் ஸ்பேனரும் ஸ்குரூ டிரைவரும் சீக்கிரம் துருப்பிடிப்பதை நீங்களே பார்க்கலாம். பைப் பழுப்பு நிறமாக மாறுகிற அந்த நொடி எல்லை தாண்டியாயிற்று. போர்டு கடைகளில் சன் போர்டு என்று சொல்கிற நுரை ஷீட்டும் பெரும்பாலும் பிவிசிதான், அதையும் அக்ரிலிக் மாதிரியே நினைத்து அதே மெஷினில் வைத்துவிடாதீர்கள். பழைய பைப் என்றால் ஈயமும் கலந்திருக்க வாய்ப்பு உண்டு. பைப்பில் ஈயம் கலப்பதைக் கட்டுப்படுத்தும் விதிகளை மத்திய அரசு 2021-ல்தான் கொண்டுவந்தது.

பேப்பரைக் கொளுத்தி பைப்பைத் தீயில் வாட்டுவதை இன்றும் கட்டட வேலைகளில் பார்க்கலாம். எலக்ட்ரிக்கல் பைப் என்றால் பெண்டிங் ஸ்பிரிங்கை உள்ளே விட்டு முழங்காலில் வைத்து மெதுவாக அழுத்தினாலே வளையும், தீயே வேண்டாம். தண்ணீர் பைப்பை வாட்டி வளைக்கவே கூடாது, வளைவின் வெளிப்பக்கம் சுவர் மெலிந்து பிரஷர் தாங்காது, எல்போ போடுங்கள். மாடல் செய்ய, அலங்காரத்துக்கு என்று பெரிய பைப்பை வளைத்தே ஆக வேண்டுமென்றால் மணல் நிரப்பி ஹீட் கன்னில் வாட்டலாம், ஆனால் மணல் வாணலியில் வறுத்தெடுத்த மாதிரிக் காய்ந்திருக்க வேண்டும், இரண்டு முனையையும் இறுக்கி அடைக்கக் கூடாது. ஈர மணல் நீராவியாகி அடைப்பைப் பிய்த்துக்கொண்டு சூட்டோடு முகத்தில் அடிக்கும். ஹீட் கன் முனையில் ஐந்நூறு, அறுநூறு டிகிரி வரை வரும், ஆஃப் செய்த பிறகும் வெகுநேரம் சுடும், அதைப் படுக்க வைக்காமல் நிமிர்த்தி நிறுத்துங்கள்.

தீ பற்றினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரே ஒரு உதாரணம். ஐல் ஆஃப் மேன் தீவில் டக்ளஸ் நகரத்தில் சம்மர்லேண்ட் என்று ஒரு பொழுதுபோக்கு மையம் இருந்தது, சுவரிலும் கூரையிலும் பெரும்பகுதி அக்ரிலிக் ஷீட். 1973 ஆகஸ்ட் 2 அன்று வெளியே ஒரு சின்னக் கடையில் பற்றிய தீ உள்ளே பரவி அக்ரிலிக்கைப் பிடித்தது, 50 பேர் இறந்தார்கள். அக்ரிலிக் கண்ணாடி மாதிரித் தெரிகிறதே தவிர நன்றாக எரியும், உருகிச் சொட்டும் துளியும் எரிந்துகொண்டே விழும். எனவே மெஷினை ஆன் செய்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போவது, போன் பேசப் போவது எதுவும் கூடாது. காலால் மிதித்தால் மட்டும் ஓடுகிற ஃபுட் ஸ்விட்ச் வைத்தால் இந்தக் கவலையே இல்லை, ஆள் நகர்ந்தால் கம்பி ஆறிவிடும். ஷீட்டின் பாதுகாப்புத் தாளை வளைக்கும் கோட்டில் உரித்துவிட்டு வையுங்கள், முதலில் பற்றுவது அதுதான். பக்கத்தில் தின்னர் டப்பா, அக்ரிலிக் ஒட்ட வைத்திருக்கும் குளோரோஃபார்ம் பாட்டில் எதுவும் இருக்கக் கூடாது. மீறிப் பற்றினால் முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள், அப்புறம்தான் தண்ணீர்.

உருகிய பிளாஸ்டிக் கையில் ஒட்டிக்கொண்டால் பிய்த்து எடுக்காதீர்கள், தோலும் சேர்ந்து வரும். அப்படியே குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். டூத் பேஸ்ட், காபித்தூள், இங்க் எதையும் பூசாதீர்கள்.

லைனில் நேராகக் கொடுத்த மெஷின் ஏற்கெனவே உங்களிடம் இருந்தால் அதைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. சட்டம், ஸ்பிரிங், மேல்பலகை எல்லாம் அப்படியே இருக்கட்டும், ஆஸ்பெஸ்டாஸ் இருந்தால் மட்டும் உடைக்காமல், நனைத்து, பையில் கட்டி எடுத்துவிடுங்கள். லைன் ஒயரையும் டிம்மரையும் கழற்றிவிட்டு எஸ்எம்பிஎஸ் பூட்டுங்கள். பூட்டி முடித்ததும் பிளக்கைச் சாக்கெட்டில் செருகாமல் கையில் வைத்துக்கொண்டு மல்டிமீட்டரை ஓம் ரேஞ்சில் வையுங்கள். ஒரு முனையைப் பிளக்கின் ஃபேஸ் பின்னிலும் மறுமுனையை நைக்ரோம் கம்பியிலும் வைத்துப் பாருங்கள், அப்புறம் நியூட்ரல் பின்னிலும் அதேபோல. மெஷினின் ஸ்விட்ச் ஆனில் இருக்கட்டும். இரண்டிலும் மீட்டர் திறந்த சர்க்கியூட்தான் காட்ட வேண்டும். எர்த் பின்னுக்கும் அலுமினியச் சேனலுக்கும் நடுவில் கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டும். இந்த மூன்றில் ஒன்று மாறினாலும் பிளக்கைச் செருகாமல், தெரிந்த எலக்ட்ரீஷியன் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.